ரக்பி வீரரின் ஓய்வுப்பருவம்: எடைப் பயிற்சியையும் ஓட்டத்தையும் சேர்த்து நடத்துவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டிப் பருவம் முடிந்த மறுவாரமே ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடுகின்றன. கொழும்பிலும் கண்டியிலும் கழக மட்டத்தில் பதினைவர் ரக்பி ஆடுபவர்கள், பாடசாலை அணியை முடித்துவிட்டுக் கழகத்தில் இடம்பிடிக்கக் காத்திருப்பவர்கள், பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் மைதானத்துக்கு வருபவர்கள் என்று கேட்பவர்கள் மாறினாலும் உள்ளே இருக்கும் ஐயம் ஒன்றுதான்: உடலை வலுவாக்கினால் ஓட முடியாமல் போய்விடுமோ, ஓடிக்கொண்டே இருந்தால் சேர்த்த வலு போய்விடுமோ என்பது. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முழுநேரத் தொழில்முறை வீரருக்கென்று எழுதியதல்ல இது. வாரத்தில் நான்கைந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவரை மனத்தில் வைத்து எழுதியது.

சீசன் முடிந்துவிட்டது. நாளையிலிருந்தே ஜிம்முக்குப் போகலாமா?

வேண்டாம். இரண்டு வாரம் திட்டமிட்ட பயிற்சி எதுவும் இல்லாமல் இருங்கள். அந்த இரண்டு வாரத்தில் நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம், நண்பர்களோடு பாட்மிண்டன் ஆடலாம். பார்பெல்லையும் நிறுத்தற் கடிகாரத்தையும் மட்டும் தொடாதீர்கள். பருவம் முழுவதும் வலி மருந்துத் தைலம் பூசிப் பூசிச் சமாளித்த தோள்பட்டையையோ கணுக்காலையோ வைத்தியரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் காட்டுவதற்குரிய நேரமும் இதுதான். இந்த வேலையைத் தள்ளிப்போட்டவர்கள், ஆறாவது வாரத்தில் எடை கூடும்போது அதே இடத்தில் வலி என்று வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரத்தில் எல்லாம் இழந்துபோகும் என்ற பயம் வேண்டியதில்லை. வலு மூன்று வாரம்வரை பெரிதாகக் குறையாது. மூச்சுத் திறன் அதைவிடச் சற்று முந்திக் குறையத் தொடங்கும் என்றாலும், குறைந்தது விரைவில் திரும்பிவிடும்.

ஓய்வுப்பருவம் என்றால் எடை தூக்குவதுதானே வேலை? ஓட்டத்தை சீசனுக்கு ஒரு மாதம் முன்னால் பார்த்துக்கொண்டால் போதாதா?

எடைப் பயிற்சி முன்னால் நிற்க வேண்டிய காலம் இது என்பது சரி. போட்டி நடக்கும் மாதங்களில் சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை உடல்வலி, செவ்வாயும் வியாழனும் அணிப் பயிற்சி என்று வாரம் ஓடிவிடுவதால் புதிதாக வலு சேர்க்க இடமே இருக்காது. அப்போது செய்வதெல்லாம் இருப்பதைக் காப்பதுதான். ஆகவே வலுவைக் கூட்டுவதற்கு ஆண்டில் கிடைக்கும் ஒரே நீண்ட இடைவெளியை அதற்கே முதன்மையாகச் செலவிட வேண்டும்.

ஆனால் முதன்மை என்பதற்கு மற்றதை அடியோடு விட்டுவிடுவது என்று பொருள் கொள்ளக் கூடாது. மூன்று மாதம் ஓடாமல் இருந்துவிட்டு, கடைசி மாதத்தில் வாரம் நான்கு நாள் மைதானத்தில் விழுந்து புரள்பவர்களுக்குத்தான் தொடைப் பின்தசை இழுத்துக்கொள்வதும் முழங்கால் கீழெலும்பு வலிப்பதும் வருகின்றன. நுரையீரலும் இதயமும் நான்கு வாரத்தில் ஓரளவு தேறிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் அந்த அவகாசம் போதாது. வாரத்தில் இரண்டு முறை, தீவிரம் குறையாமல் செய்தால் சேர்த்த மூச்சுத் திறனைப் பெரும்பாலும் காத்துக்கொள்ளலாம். நாட்களைக் குறைக்கலாம், தீவிரத்தைக் குறைக்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். இது பின்னால் பல விடைகளில் மறுபடி வரும்.

ஓடினால் தசை கரைந்துவிடும் என்று ஜிம்மில் எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா?

இந்தப் பேச்சுக்கு ஓர் ஆதாரம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு குழு எடைப் பயிற்சி மட்டும் செய்தது. இன்னொரு குழு ஓட்டமும் சைக்கிளும் மட்டும். மூன்றாம் குழு இரண்டையும் சேர்த்து 10 வாரம் செய்தது. மூன்றாம் குழுவின் கால் வலு ஏறத்தாழ ஏழாம் வாரம்வரை முதற் குழுவைப் போலவே கூடி, பிறகு நின்று, கடைசி வாரங்களில் இறங்கியது. மூச்சுத் திறனோ அவர்களுக்கும் குறைவின்றிக் கூடியது.

பலரும் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது. அந்த மூன்றாம் குழு வாரத்தில் ஐந்து நாள் எடையும் ஆறு நாள் கடுமையான மூச்சுப் பயிற்சியும் (ஓட்டமும் சைக்கிளும்) செய்தது. நம்மில் எவரும் அப்படிச் செய்வதில்லை. பின்னர் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், அளவோடு சேர்த்துச் செய்யும்போது தசையின் பருமனும் உச்ச வலுவும் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. வெடித்துக் கிளம்பும் வேகம்தான், அதுவும் இரண்டையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்துச் செய்யும்போது, ஓரளவு அடிபடுகிறது. ரக்பிக்கு அந்த வேகம் முக்கியம் என்பதால் இதை அலட்சியம் செய்யவும் முடியாது, பயந்து ஓட்டத்தை விடவும் முடியாது.

நான் பார்த்தவரையில், இங்குள்ள வீரர்களின் வலு கூடாமல் போவதற்கு ஓட்டம் காரணமாக இருந்ததைவிட, இரவு ஐந்து மணி நேரத் தூக்கமும் காலைச் சாப்பாடு இல்லாமல் வேலைக்குப் போவதும் காரணமாக இருந்ததுதான் அதிகம்.

அப்படியானால் இரண்டையும் ஒரே நாளில் செய்யலாமா? எதை முதலில் செய்வது?

செய்யலாம், இடைவெளி இருந்தால். பிரான்சில் அமெச்சூர் ரக்பி வீரர்களை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. எடை முடிந்தவுடனே மூச்சுப் பயிற்சி செய்தவர்கள், 6 மணி நேரம் கழித்துச் செய்தவர்கள், 24 மணி நேரம் கழித்துச் செய்தவர்கள் என்று பிரித்துப் பார்த்ததில், இடைவெளியே இல்லாதவர்களுக்கு வலு குறைவாகவே கூடியது. ஒரு நாள் இடைவெளி விட்டவர்களுக்கு மூச்சுத் திறனிலும் பலன் கூடுதலாக இருந்தது. ஆகவே முடிந்தால் வேறு நாள். முடியாவிட்டால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

அதுவும் முடியாமல் ஒரே மணி நேரத்தில் இரண்டையும் அடக்க வேண்டியிருந்தால், ஓய்வுப்பருவத்தில் எடை முதலில், ஓட்டம் பிறகு. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 10 அல்லது 20 மீட்டர் முழுவேக ஓட்டத்தை எப்போதும் எடைக்கு முன்னால் செய்யுங்கள், ஏனென்றால் அது மூச்சுப் பயிற்சி அல்ல, நரம்புக்கும் தசைக்குமான வேகப் பயிற்சி. சோர்ந்த காலோடு செய்தால் வேகமும் வராது, காயமும் வரும்.

காலை எட்டரை முதல் ஐந்து மணிவரை வேலை. எனக்கு ஒரு வார அட்டவணை தர முடியுமா?

இரண்டு வார ஓய்வு முடிந்து வரும் மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை, ஃப்ளாங்கராக (ஸ்க்ரத்தின் பக்கவாட்டில் நிற்கும் முன்னணி வீரராக) ஆடும் ஒருவருக்கு நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும். திங்கள் மாலை காலுக்கான கனத்த எடைப் பயிற்சி: ஸ்குவாட், ருமேனியன் டெட்லிஃப்ட், ஒற்றைக் காலில் ஒரு பயிற்சி, கெண்டைக்கால். செவ்வாய் மாலை மேலுடம்பு: பெஞ்ச் பிரஸ், புல் அப், ரோயிங், கழுத்து, முடிந்தபின் சைக்கிளில் 20 நிமிடம், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில். புதன் ஓய்வு. வியாழன் மாலை முதலில் 10 முதல் 20 மீட்டர்வரை ஆறேழு முழுவேக ஓட்டங்கள், பிறகு முழு உடலுக்கான எடைப் பயிற்சி, அதில் குதிப்பும் பவர் கிளீனும் இடம்பெறும். வெள்ளி ஓய்வு. சனி காலை மைதானத்தில் கடுமையான இடைவெளி ஓட்டம், அதாவது வேகமாக ஓடி, சற்று நின்று, மறுபடி ஓடுவது. ஞாயிறு ஓய்வு.

இதில் கவனிக்க வேண்டியது நாட்களின் பெயரை அல்ல, வரிசையை. கடுமையான ஓட்டத்துக்கும் கனத்த ஸ்குவாட்டுக்கும் இடையில் ஒரு முழு நாள் விழுகிறது. கடுமையான நாள் உண்மையாகவே கடுமையாகவும், ஓய்வு நாள் உண்மையாகவே ஓய்வாகவும் இருக்கின்றன. தினமும் கொஞ்சம் எடை, தினமும் கொஞ்சம் ஓட்டம் என்று செய்பவர்கள் எப்போதும் அரைச் சோர்வில் இருப்பார்கள். எதிலும் முன்னேற்றம் தெரியாது.

ஒன்பதாம் வாரத்திலிருந்து தராசு மெல்லச் சாயும். செவ்வாய் சைக்கிளின் இடத்தில் இன்னொரு இடைவெளி ஓட்டம் வரும், எடைப் பயிற்சியில் செட்டுகள் குறையும், தூக்கும் எடை குறையாது. அணிப் பயிற்சி தொடங்கிவிட்டால் எடை இரண்டு நாளாகச் சுருங்கும். வேலையில் இரவுப் பணி இருப்பவர்கள் இதே வரிசையைத் தங்கள் நாட்களில் பொருத்திக்கொள்ளலாம். இரவுப் பணி முடிந்து வரும் நாளில் மட்டும் கனத்த ஸ்குவாட்டை வைக்காதீர்கள்.

எத்தனை செட், எத்தனை முறை தூக்க வேண்டும்?

முதல் மூன்று நான்கு வாரம் 8 முதல் 10 முறைவரை தூக்கக்கூடிய எடையில் மூன்று அல்லது நான்கு செட். அடுத்த நான்கு வாரம் 4 முதல் 6 முறை. அதன்பிறகு முதன்மைப் பயிற்சிகளில் 3 முதல் 5 முறை. அவற்றோடு குதிப்பு, மெடிசின் பால் எனப்படும் கனத்த பந்தை எறிதல் போன்ற வேகமான அசைவுகள். ஒவ்வொரு செட்டும் முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு முறை தூக்கியிருக்கலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். தோல்வியடையும்வரை தூக்கினால்தான் பலன் என்று நினைத்து வியாழன் இரவு காலைக் களைக்கவைப்பவர், சனி காலை ஓட்டத்தை வீணாக்கிக்கொள்கிறார். நான்கு வாரத்துக்கு ஒருமுறை செட்டுகளின் எண்ணிக்கையை ஏறத்தாழப் பாதியாக்கி ஒரு வாரம் இலகுவாகச் செய்யுங்கள். அந்த வாரத்தில் ஓட்டத்தையும் குறையுங்கள்.

கண்டிஷனிங் என்றால் மைதானத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஓடுவதுதானே?

80 நிமிட ஆட்டத்தில் பந்து ஆட்டத்தில் இருக்கும் நேரம் உயர்மட்டப் போட்டிகளிலேயே 35 நிமிடத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. டேக்கிள் செய்து விழுகிறீர்கள், எழுகிறீர்கள், தரையில் கிடக்கும் பந்துக்காக ரக்கில் முட்டித் தள்ளுகிறீர்கள், 15 மீட்டர் பாய்கிறீர்கள், அடுத்த விசில்வரை நடக்கிறீர்கள். மெதுவான நீண்ட ஓட்டம் அடித்தளமாகப் பயன்படும் என்பதை மறுக்கவில்லை, ஆனால் 100 கிலோ உடம்போடு தார் வீதியில் ஐந்து கிலோமீட்டர் ஓடுவதைவிட அதே வேலையைச் சைக்கிளிலோ நீச்சலிலோ செய்தால் முழங்காலும் தப்பும், மறுநாள் எடைப் பயிற்சியும் தப்பும்.

தீவிரமான பகுதிக்கு நான் பரிந்துரைப்பது ப்ராங்கோ சோதனையிலிருந்து தொடங்குவது. மைதானத்தில் தொடக்கக் கோடு, 20, 40, 60 மீட்டர் என்று நான்கு இடத்தில் கூம்புகளை வையுங்கள். 20 போய்த் திரும்பி, 40 போய்த் திரும்பி, 60 போய்த் திரும்பினால் 240 மீட்டர். இதை நிறுத்தாமல் ஐந்து முறை செய்தால் 1200 மீட்டர். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் 29 முறை திரும்புகிறீர்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் 0.7 நொடி என்று கழித்தால் 20.3 நொடி. 5 நிமிடத்தில் முடித்தவருக்கு 300இலிருந்து 20.3 போக 279.7 நொடி, 1200ஐ அதால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 4.3 மீட்டர். இதுவே உங்கள் அடிப்படை வேகம்.

இனிப் பயிற்சி எளிது. அடிப்படை வேகத்தைவிட 20 சதவீதம் கூடுதலான வேகத்தில் 15 நொடி ஓடி, 15 நொடி நிற்க வேண்டும். 5 நிமிடக்காரருக்கு அது 15 நொடியில் 77 மீட்டர். 5 நிமிடம் 40 நொடியில் முடித்த ப்ராப்புக்கு (ஸ்க்ரத்தின் முன்வரிசை வீரருக்கு) 68 மீட்டர். இருவரும் ஒரே விசிலுக்கு ஓடுகிறார்கள், கூம்பு மட்டும் வேறு இடத்தில். பத்து முறை செய்தால் ஐந்து நிமிடம், மூன்று நிமிடம் ஓய்வு, மறுபடி ஒன்று. தொடக்கத்தில் இந்த இரண்டு சுற்றே தாராளம். எல்லோரையும் ஒரே கோட்டுக்கு ஓடச் சொல்லும் பழைய முறையில் விங் ஆட்டக்காரருக்கு வேலையே இல்லாமலும் ப்ராப்புக்குத் தாங்க முடியாமலும் போய்விடுகிறது. அதைக் கைவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நான் ப்ராப். பேக்லைனில் ஆடுபவர்களுக்குச் சமமாக நானும் ஓட வேண்டுமா?

சமமாக வேண்டாம். முன்வரிசைக்காரர் ஓர் ஆட்டத்தில் கடக்கும் தூரம் பின்னால் நின்று பந்தோடு ஓடும் பேக்லைன் வீரருடையதைவிடக் குறைவு, ஆனால் அவர் முட்டுவதும் தள்ளுவதும் மல்லுக்கட்டுவதும் மிக அதிகம். ஆகவே உங்கள் இரண்டு கண்டிஷனிங் நாட்களில் ஒன்றை ஓட்டமாகவும், மற்றதை ஸ்லெட் (எடை ஏற்றிய சறுக்குச் சட்டம்) தள்ளுதல், கனத்த பையைத் தூக்கி நடத்தல், தரையில் விழுந்து எழுந்து ஐந்து மீட்டர் பாய்தல், துணைவரோடு பிடிபோட்டு 20 நொடி மல்லுக்கட்டுதல் ஆகியவற்றைக் கலந்ததாகவும் வையுங்கள். ஸ்லெட்டில் ஓர் அனுகூலம், அது மறுநாள் தசைவலியை அதிகம் தராது. ஏனென்றால் அதில் எடையை இறக்கும் கட்டம் கிடையாது.

பேக்லைன்காரர்களுக்கு இதன் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் ஓடுவதை விரும்புவீர்கள், ஸ்குவாட்டைத் தவிர்ப்பீர்கள். ஓய்வுப்பருவத்தில் உங்களுக்குத்தான் எடைப் பயிற்சி கூடுதலாகத் தேவை.

எட்டுக் கிலோ கூட்டிக்கொண்டு வந்தால் டீமில் இடம் என்று கோச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் முடியுமா?

எட்டுக் கிலோ கூட்டலாம். எட்டுக் கிலோவும் தசையாக இருக்காது. ஏற்கெனவே பயிற்சியில் இருப்பவர் வாரத்துக்கு உடல் எடையில் 0.25 முதல் 0.5 சதவீதம்வரை கூட்டுவதே நியாயமான வேகம். 90 கிலோ உள்ளவருக்கு அது வாரத்துக்கு 225 முதல் 450 கிராம். பத்து வாரத்தில் இரண்டேகாலிலிருந்து நாலரைக் கிலோ. அதற்கு மேல் ஏறுவது பெரும்பாலும் வயிற்றில்தான் சேரும்.

இந்தக் கணக்கை உங்கள் பயிற்றுநரிடம் காட்டலாம். 90 கிலோ வீரர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் டேக்கிளுக்குள் போனால் அவருடைய உந்தம், அதாவது எடையை வேகத்தால் பெருக்கி வருவது, 630. அவரே 96 கிலோவாகி வேகம் நொடிக்கு 6.5 மீட்டராகக் குறைந்தால் 624. ஆறு கிலோ கூட்டியும் முட்டும் பலம் குறைந்திருக்கிறது, அதோடு அந்த ஆறு கிலோவை 80 நிமிடம் சுமக்கவும் வேண்டும். எடை கூடும்போதே 10 மீட்டர் நேரமும் ப்ராங்கோ நேரமும் கெடாமல் இருந்தால் கூட்டிய எடை பயனுள்ளது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மூன்றையும் ஒரே நாளில் அளந்து எழுதிவையுங்கள்.

புரத மாவு வாங்காமல் முடியாதா? கிரியேட்டின் நல்லதா கெட்டதா?

மாவு இல்லாமலும் முடியும். நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராமிலிருந்து 2 கிராம்வரை புரதம் போதும். 90 கிலோ உள்ளவருக்கு 144 கிராமிலிருந்து 180 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், சமைத்த 100 கிராம் மீனிலோ கோழியிலோ 20 கிராமுக்குமேல் இருக்கும். இவற்றோடு பருப்பு, கடலை, பயறு, தயிர், நெத்தலிக் கருவாடு ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துப் போட்டால் எண்ணிக்கை வந்துவிடும். இங்கே வழக்கமாகக் குறைவது காலை வேளையில்தான்: பாணும் சம்பலும் தேநீரும் என்று முடித்துவிடுகிறார்கள். அதில் மூன்று முட்டை சேர்ந்தாலே பெரிய மாற்றம். சோற்றைக் குறைக்காதீர்கள், கடுமையான ஓட்டம் உள்ள நாளுக்கு எரிபொருள் அதுதான்.

கிரியேட்டின் தடைசெய்யப்பட்ட பொருள் அல்ல. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 3 முதல் 5 கிராம் பாதுகாப்பானது என்பது நன்கு ஆராயப்பட்ட விஷயம். தசையில் நீர் சேர்வதால் தொடக்கத்தில் ஒரு கிலோ அளவு எடை கூடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக் கூடாது. இதைவிடப் பெரிய ஆபத்து, உற்சாகம் தரும் என்று சொல்லி விற்கப்படும் கலவை மாவுகளில் இருக்கிறது. அவற்றில் தடைசெய்யப்பட்ட ஊக்கி கலந்திருந்தால், தெரியாமல் குடித்தேன் என்ற விளக்கம் ஊக்கமருந்து விதிகளில் வீரரைக் காப்பாற்றாது. உடம்பில் இருப்பதற்கு அவரே பொறுப்பு. தொகுதி வாரியாகச் சோதித்துச் சான்றளிக்கப்பட்டதாக இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

ஒவ்வொரு வருடமும் பயிற்சி தொடங்கியதும் ஹாம்ஸ்ட்ரிங் இழுத்துக்கொள்கிறது. என்ன தவறு செய்கிறேன்?

பெரும்பாலும் இரண்டாம் கேள்வியில் சொன்ன தவறுதான்: மாதக்கணக்கில் முழுவேகத்தில் ஓடாமல் இருந்துவிட்டு, அணியின் முதல் பயிற்சியில் மற்றவரோடு போட்டிபோட்டு ஓடுவது. ஓய்வுப்பருவம் முழுவதும் வாரத்தில் ஒரு முறையாவது உங்கள் உச்ச வேகத்தை நெருங்கி ஓடியிருக்க வேண்டும். அட்டவணையில் வியாழன் ஓட்டத்தை வைத்திருப்பது அதற்காகத்தான். முதல் மூன்று வாரம் 20 மீட்டரோடு நிறுத்தி, பிறகு 30, 40 என்று நீட்டி, மூன்று நான்கு ஓட்டங்களை முழுவேகத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் இரண்டு மூன்று நிமிடம் முழு ஓய்வு எடுக்க வேண்டும். மூச்சு வாங்க வாங்க ஓடினால் அது வேகப் பயிற்சி ஆகாது.

அதோடு நோர்டிக் பயிற்சியைச் சேருங்கள். முழந்தாளிட்டு நிமிர்ந்திருக்க, துணைவர் இரண்டு கணுக்கால்களையும் அழுத்திப் பிடித்துக்கொள்வார். இடுப்பு மடங்காமல், உடம்பு ஒரே நேர்கோடாக, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்ந்து, தாங்க முடியாத இடத்தில் கைகளால் ஊன்றி இறங்க வேண்டும். முதல் வாரம் நான்கு முறை கொண்ட இரண்டு செட்டுக்குமேல் வேண்டாம். மறுநாள் படியிறங்குவது கடினமாக இருக்கும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இதை விடாமல் செய்யும் அணிகளில் இந்தக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. திங்கட்கிழமைப் பயிற்சியின் கடைசியில் செய்தால் வியாழனுக்குள் வலி தணிந்துவிடும்.

இந்த வெக்கையிலும் மழையிலும் வெளியே எப்படிச் செய்வது?

கொழும்பில் ஈரப்பதம் கூடுதலாக இருப்பதால் வியர்வை உலராது, உடம்பு குளிராது. கடுமையான ஓட்டத்தைக் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லீற்றர் போயிருக்கிறது, அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லீற்றர்வரை, சிறிது உப்போடு குடித்துத் தீர்க்க வேண்டும். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள்வரை ஆகும் என்பதால், குளிரூட்டிய ஜிம்மில் மட்டும் பயிற்சி செய்துவிட்டு வருபவர்களுக்கு முதல் இரண்டு வாரம் அளவைக் குறையுங்கள். மழையில் மைதானம் சேறானால் முழுவேக ஓட்டத்தை அன்று விட்டுவிட்டு, அதே 15 நொடிக் கணக்கைச் சைக்கிளில் செய்யுங்கள்.

டேக்கிள், ஸ்க்ரம் பயிற்சியை ஓய்வுப்பருவத்தில் தொடரலாமா?

முதல் எட்டு வாரம் முழு மோதல் வேண்டாம். தலையும் தோளும் ஆறட்டும். கழுத்தை மட்டும் விடாதீர்கள்: நெற்றியிலும் பின்தலையிலும் இரு பக்கங்களிலும் துணைவர் கையால் அழுத்த, தலை அசையாமல் பத்து நொடி எதிர்த்து நிற்பது, வாரம் இரண்டு முறை. உலக ரக்பி அமைப்பு வெளியிட்டுள்ள ஆக்டிவேட் வார்ம்அப் முறையிலும் கழுத்துப் பயிற்சி ஒரு பகுதி. அதைப் பயிற்சிக்குமுன் 20 நிமிடம் செய்வது பாடசாலை அணிகளுக்கும் கழக அணிகளுக்கும் சமமாகப் பொருந்தும்.

என் மகனுக்குப் பதினாறு வயது. எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்கிறார்கள். அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். சரியான மேற்பார்வையில் எடைப் பயிற்சி செய்வதால் வளர்ச்சி நிற்பதில்லை. வலுவில்லாத உடம்போடு தன்னைவிடக் கனத்தவர்கள் நடுவில் ரக்பி ஆடுவதுதான் ஆபத்து. ஆறாம் கேள்வியில் சொன்ன கனத்த கட்டங்களை அவருக்குக் கொடுக்காமல், 8 முதல் 12 முறைவரை அழகாகத் தூக்கக்கூடிய எடையிலேயே முதல் ஆண்டு போகட்டும். ஒவ்வொரு முறையும் முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மாவும் மாத்திரையும் இந்த வயதில் தேவையில்லை, அம்மா. இரவு ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை. கைபேசி அதற்கு எதிரி.

நடுவில் செவன்ஸ் போட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். ஆடினால் திட்டம் கெட்டுவிடுமா?

ஆடுங்கள். ஏழு நிமிடப் பாதிகள் என்றாலும் ஒரே நாளில் மூன்று நான்கு ஆட்டம் வருவதால், அந்த வாரத்தின் கடுமையான ஓட்டம் முழுவதும் அதிலேயே முடிந்துவிட்டது என்று கணக்கு வையுங்கள். அதற்கு முந்திய வியாழன் எடையைப் பாதியாக்குங்கள். அடுத்த திங்கள் கனத்த ஸ்குவாட்டைப் புதனுக்குத் தள்ளுங்கள். ஒன்றிரண்டு போட்டிகளுக்கு இது சரிவரும். வாராவாரம் செவன்ஸ் ஆடுபவருக்கு ஓய்வுப்பருவமே இல்லை. அவர் தமது திட்டத்தைப் போட்டிப் பருவத் திட்டமாகவே போட வேண்டும், வலு பெரிதாகக் கூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஸ்குவாட் எடை ஏறிக்கொண்டே போகிறது, ப்ராங்கோ நேரம் மட்டும் மோசமாகிறது. எதை நம்புவது?

எந்த வாரத்தில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆறாம் வாரத்தில் ப்ராங்கோ ஏழெட்டு நொடி கூடியிருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். காலில் எடைப் பயிற்சியின் சோர்வு தங்கியிருக்கிறது, இலகு வாரத்துக்குப் பிறகு மறுபடி ஓடிப் பாருங்கள். 20 நொடிக்குமேல் கூடியிருந்தாலோ, இலகு வாரத்துக்குப் பிறகும் திருந்தவில்லை என்றாலோ, சனிக்கிழமை ஓட்டத்தை உண்மையில் எத்தனை வாரம் செய்தீர்கள் என்று உங்கள் குறிப்பேட்டைப் பாருங்கள். இந்த இடத்தில் வெற்றுப் பக்கங்கள் இருப்பதையே அதிகம் கண்டிருக்கிறேன். பக்கங்கள் நிரம்பியிருந்தும் நேரம் கெடுகிறது என்றால் உடல் எடை வேகமாக ஏறியிருக்கும். எட்டுக் கிலோக் கேள்விக்கான விடைக்குப் போங்கள்.

இரண்டுமே ஒன்றாகக் கீழே போனால் அது வேறு விஷயம். தூக்கம் கெட்டு, காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடி, சின்னச் சின்னச் சளி விடாமல் வந்தால், பயிற்சியைக் கூட்டாதீர்கள். ஒரு வாரம் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், மாறாவிட்டால் வைத்தியரிடம் போங்கள்.

திட்டப்படி எல்லாம் செய்தேன். இப்போது முதல் போட்டியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

2020இல் கொரோனா காரணமாக எல்லாப் போட்டிகளும் நின்றபோது இந்தக் கேள்வியை என்னிடம் தினமும் கேட்டார்கள். திகதி உறுதியாக இல்லாத இடத்தில் பதினான்கு வாரத்துக்கு நீண்ட திட்டம் எழுதி வைத்திருப்பவர்தான் அதிகம் தடுமாறுகிறார். நான்கு நான்கு வாரமாகப் பிரித்து எழுதுங்கள்: மூன்று வாரம் ஏற்றம், ஒரு வாரம் இலகு.

போட்டி நான்கு வாரத்துக்குமேல் தள்ளிப்போனால், உச்சத்தை நெருங்கிய நிலையிலேயே காத்திருக்க முயலாதீர்கள்; அது மூன்று வாரத்துக்குமேல் எவருக்கும் தாங்காது. ஓர் இலகு வாரம் எடுத்துவிட்டு, வலு முன்னால் நிற்கும் பழைய அட்டவணைக்கு, அதாவது மூன்று எடை, ஒரு கடுமையான ஓட்டம், ஒரு வேக ஓட்டம் என்ற வரிசைக்குத் திரும்புங்கள். புதிய திகதி வந்தவுடன் அதிலிருந்து பின்னோக்கி ஆறு வாரம் எண்ணி, அந்த நாளிலிருந்து ஓட்டத்தைக் கூட்டுங்கள். இரண்டு வாரம் மட்டுமே தள்ளிப்போயிருந்தால் ஒன்றையும் மாற்ற வேண்டாம்; இலகு வாரம் ஒன்றைச் செருகி, கடைசி வாரத்தை இன்னொரு முறை செய்யுங்கள்.